விரால், தோமன்: வீவக அடுக்குமாடி வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

2024 பிப்ரவரி 18 – சிங்கப்பூர், செங்காங்கிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

வீட்டில் 4 அடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, மாமா தங்கமீன் வளர்த்தது. கடையில் விரல் நீளத் தோமன் குஞ்சுகள் பார்த்தேன். ஆரஞ்சும் கறுப்புமாகக் கோடு போட்டு, கூட்டமாகச் சுற்றுவது அட்டகாசம். "நம்ம ஊர் மீன், எந்தத் தண்ணியிலும் பிழைக்கும், ஃபில்டர்கூட வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். ஆறு வாங்கலாம் என்று இருக்கிறேன். பாலிடெக்னிக் கடைசி வருஷம், நேரம் இருக்கிறது. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 18, இரவு

வாங்காதே தம்பி. ஆறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 19

நேற்று ஒரே வரியில் முடித்ததற்கு இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, விவரமாகவே சொல்கிறேன்.

தோமன் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன். நன்றாகத் தின்றால் முதல் ஆண்டிலேயே ஓர் அடியைக் கடந்துவிடும். நீ பார்த்த ஆரஞ்சுக் கோடெல்லாம் சின்ன வயசு உடுப்பு. வளர வளர மங்கிப்போய், கருநீலமும் வெள்ளையும் கலந்த வேறொரு மீனாக மாறிவிடும். கூட்டமாகச் சுற்றுவதும் குஞ்சுப் பருவத்தோடு சரி. அப்புறம் ஒன்றை ஒன்று கடித்துக் குதறத் தொடங்கும். ஆறு வாங்கினால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் துடுப்பு கிழிந்து நிற்கும்.

4 அடித் தொட்டி என்றால் பெரும்பாலும் அகலம் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் மீன் அதில் திரும்ப வேண்டும் என்றால் உடம்பை மடிக்க வேண்டும். எல்லாரும் தொட்டியின் நீளத்தையே கேட்கிறார்கள். பெரிய மீனுக்கு முதலில் பார்க்க வேண்டியது அகலம். கண்ணாடியில் மூக்கு உரசி உரசி வெள்ளையாகத் தோலுரிந்த தோமன்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பிடிக்காது.

என் வீட்டில் இருப்பது தோமன் இல்லை, அதே குடும்பத்து விரால். இங்கே மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்கள். ஒரே ஒரு மீன், தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். வேறு எந்த மீனும் அதில் கிடையாது. துணைக்கு என்று போட்டவை எல்லாம் துணையாக இருக்கவில்லை.

பிப்ரவரி 19, கொஞ்ச நேரம் கழித்து

எடைக் கணக்கை விட்டுவிட்டேன். 5 × 2 × 2 அடித் தொட்டி விளிம்புவரை கிட்டத்தட்ட 540 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 540 கிலோ. கண்ணாடி, அலமாரி, கல் எல்லாம் சேர்ந்தால் அறுநூற்றைத் தாண்டும். குடியிருப்புத் தளங்களுக்கு வழக்கமாகக் கணக்குப் பார்ப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. தொட்டி நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. உடனே தரை இடிந்துவிடாது, அந்தக் கணக்கு பரந்த சுமைக்கானது. ஆனாலும் கூடத்து நடுவில் வைக்காதே. உத்தரம் ஓடும் சுவரோரமாக வை. சந்தேகம் இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கேள். கீழ்வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறார் என்பது நினைவிருக்கட்டும்.

பிப்ரவரி 21

விளிம்புவரை யார் நிரப்புவார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். மேலே நாலு விரல் விட்டால் 470 லிட்டர் போலத்தான் வரும். விராலுக்கு அந்த நாலு விரல் கட்டாயமாக வேண்டும், காரணம் அப்புறம் சொல்கிறேன்.

இன்னொருவர், தோமன் சிங்கப்பூரின் சொந்த மீன், அதை வளர்ப்பது மரபைக் காப்பது என்று பெரிய கட்டுரையே எழுதிவிட்டார். மலாயத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ எல்லாம் தோமனின் பூர்வீகம்தான். ஆனால் நம் நீர்த்தேக்கங்களில் இருப்பதை வெளியிலிருந்து வந்து பெருகியதாகத்தான் பட்டியல்களில் சேர்க்கிறார்கள். இந்தத் தீவின் சொந்தக்காரர்கள் விராலும், நீ சூன் சதுப்புக் காட்டைப் போன்ற இடங்களில் ஒளிந்திருக்கும் அதன் சின்ன உறவினர்களும்தான். அந்தக் காட்டுத் தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்தில், நல்ல அமிலத்தன்மையோடு இருக்கும். அங்கே போய் வலை போடலாம் என்று கனவு காணாதீர்கள், அது இயற்கை வனப்பகுதி. நீர்த்தேக்கங்களிலும் குறித்துவிட்ட இடங்களில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையோடு.

மார்ச் 2

"எந்தத் தண்ணியிலும் பிழைக்கும்." இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இதுதான் இந்த மீன்களைக் கெடுக்கிறது.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைப் பிடித்துச் சுவாசிக்க ஓர் அறை இருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுக்கும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு கூடத்தில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். புதிதாகத் தங்க வந்தவர்கள் குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து பார்ப்பார்கள். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, காற்று கட்டாயம். மேலே வர வழியில்லாமல் அடைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். நாலு விரல் இடைவெளி அதற்காகத்தான்.

இப்போது பார், மற்ற மீன்கள் என்றால் தண்ணீர் கெட்டதும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், நமக்குப் புரிந்துவிடும். விரால் எப்போதும் மேலே வருகிற மீன். அதனால் அந்த எச்சரிக்கை நமக்குக் கிடைக்காது. ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் சமாளிக்கும், உண்மை. ஆனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளையும் தோலையும் சுடும், அதற்கு இந்த அறை உதவாது. நம் ஊர்ச் சூட்டில், தண்ணீர் 29, 30 டிகிரியில் நிற்கும்போது, அதே அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். மீன் சாகாது. கண்ணில் பால் படர்ந்த மாதிரி ஒரு மங்கல் வரும், துடுப்பின் ஓரம் வெளுக்கும், பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறிப் பட்டைகள் மறைந்து உடம்பே சாம்பல் நிறமாகும். அப்படியே வருஷக்கணக்காகக் கிடக்கும். கடைக்காரர் சொன்னபடி "பிழைத்துக்கொண்டு" இருக்கும்.

சீக்கிரம் செத்துப்போகிற மீன் தன் சொந்தக்காரனுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போகிறது. விரால் அந்த உதவியைச் செய்வதில்லை. ஃபில்டர் வேண்டாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதே. பெரிய கேனிஸ்டர் (வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஒன்றோ, அடியில் சம்ப் (வடிகட்டும்) தொட்டியோ வேண்டும். மாமிசம் தின்னும் மீன் போடும் கழிவு சாதாரணமில்லை. நான் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். தண்ணீர்க் கட்டணம் வரும்போது வீட்டில் என்னைப் பார்க்கும் பார்வை தனிக் கதை.

மார்ச் 3

"ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடாதா?" என்று கேட்டவருக்கு: இங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின், அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. கடையில் ஆன்டி-குளோரின் வாங்கி ஊற்றுங்கள். மலிவான வகை குளோரினை உடைத்துவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அதையும் கட்டிப்போடும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மார்ச் 17

தீனி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

உயிர் மீன் போடாதீர்கள். வீடியோ எடுத்துப் போட நன்றாக இருக்கும், வேறு பிரயோஜனம் இல்லை. தீனிக்கென்று நெருக்கியடித்து வளர்க்கும் தங்கமீனோடு ஒட்டுண்ணியும் நோயும் சேர்ந்தே வரும். தங்கமீனையே தின்று வளர்ந்தால் வைட்டமின் பி1 குறைபாடும் வரும், அந்த மீனின் உடம்பில் அந்தச் சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மாட்டிதயம் போடுவதும் பழைய பழக்கம். அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிப்பதில்லை.

என் விராலுக்கு ஈரச்சந்தை இறால், தோலோடு. சில நாள் குனிங் மீன் துண்டு. மற்றபடி மிதக்கும் பெல்லட் (உருண்டைத் தீனி). பெல்லட்டுக்குப் பழக்குவதுதான் பாடு. பட்டினி போட வேண்டும், வேறு வழியில்லை. அது உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். விரால் கண் இரண்டும் தலையின் முன்பக்கமாக இருக்கும், அதனால் பார்வை அப்படியே ஆளைக் குத்தும். மனசு இளகி ஒரு இறாலைப் போட்டால் அன்றோடு போச்சு. பெல்லட்டைத் துப்பும், மறுபடி வாயில் வாங்கும், மறுபடி துப்பும். துப்பத் தொடங்கிவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று தரம் போதும்.

ஏப்ரல் 9

மூடி! இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஆள் நம் ஈஷூன் நண்பர். அவர் அனுமதியோடு அவர் கதை.

அவர் விரால் ஒரு மழை ராத்திரி மூடியைத் தள்ளிவிட்டுக் குதித்திருக்கிறது. கூடத்தைத் தாண்டி, கம்பிக்கதவுக்கு அடியில் புகுந்து, பொது நடைபாதையில் போய், பக்கத்து வீட்டு வாசல் செருப்பு அலமாரி ஓரம் கிடந்திருக்கிறது. காலையில் அந்த வீட்டுச் சீனப் பாட்டி அதை வாளியில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். உடம்பெல்லாம் தூசியும் முடியும் ஒட்டி, ஆனால் உயிரோடு. பாட்டி மிகுந்த அக்கறையோடு கேட்ட கேள்வி: "உங்கள் வீட்டில் யாருக்கு ஆபரேஷன்?"

வெளியூர் வாசகர்களுக்காக: இங்கே அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு விரால் சூப் வைத்துக் கொடுப்பது சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் ஊறிப்போன வழக்கம். காயம் சீக்கிரம் ஆறும் என்பார்கள். சைனாடவுன் ஈரச்சந்தையில் உயிரோடு தொட்டியில் கிடக்கும். ஆக, அந்தப் பாட்டி கண்ணுக்கு நண்பரின் செல்லப்பிராணி மருந்துச் சாமான்.

மூடியின் நாலு மூலைக்கும் கிளிப் போடுங்கள். குழாய் உள்ளே போகும் ஓட்டையை ஸ்பாஞ்சால் அடையுங்கள், விரால் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மேலே கல் வைப்பது போதாது.

ஏப்ரல் 10

சூப் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், கிராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் வடக்கு விரால் கிடைத்து நாடே அல்லோலகல்லோலப்பட்டது. விசாரித்தால், ஒருவர் உடம்பு சரியில்லாத சகோதரிக்கு சூப் வைக்க நியூயார்க்கிலிருந்து இரண்டு உயிர் மீன் வரவழைத்திருக்கிறார். அதற்குள் சகோதரி தேறிவிட்டார். மீனைத் தொட்டியில் வளர்த்தார், அது பெரிதானது, குளத்தில் விட்டார். குஞ்சு பொரித்துப் பெருகி, கடைசியில் குளத்துக்கே மருந்தடித்துக் கொன்றார்கள். அதே ஆண்டு விரால் இறக்குமதிக்கும் அங்கே தடை வந்தது. அவர் கெட்டவர் இல்லை. மீனைக் கொல்ல மனமில்லாதவர்.

மே 20

விசாக தினம் வருகிறது. தேசியப் பூங்காக் கழக ஆட்களும் தொண்டூழியர்களும் நீர்த்தேக்கக் கரைகளில் நின்று, விலங்குகளை விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். புண்ணியத்துக்கு மீன் விடுகிறவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். வளர்ந்துவிட்ட தோமனை ராத்திரி பத்து மணிக்குப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். சட்டப்படி இரண்டும் குற்றம்தான், அபராதம் உண்டு.

"அப்படியானால் பெரிய மீனை என்னதான் செய்வது?" என்று கேட்டவருக்கு நேர்மையான பதில்: யாரும் வாங்க மாட்டார்கள். கடையில் எடுக்க மாட்டார்கள், அவர்களுக்கு விற்கிறது விரல் நீளக் குஞ்சுதான். பெரிய தொட்டிக்காரர்களிடம் ஏற்கெனவே இதே மாதிரி வந்து சேர்ந்தவை நிறைய இருக்கும். இணையத்தில் இலவசம் என்று போட்டால், "எத்தனை கிலோ?" என்று கேட்டு வருபவர் எதற்குக் கேட்கிறார் என்று உனக்கே தெரியும். மீன் பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) கடைகளில் தோமன் துண்டு புதிதில்லையே.

ஜூன் 15

பள்ளி விடுமுறைக்கு மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். முதல் நாள் தொட்டி முன்னால் நின்று, "இது வயல்ல கெடக்கிறதுதானே, இதுக்கா இம்புட்டு லைட்டு?" என்றார். குழம்புப் பேச்சு அடுத்து வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவர் சொன்னது: விரால் குஞ்சுகள் செம்புள்ளிகளாகத் தண்ணீர் மேலே கொத்தாக மிதக்கும்போது, தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்குமாம். அந்தச் சமயத்தில் அவற்றைப் பிடிக்க அவருடைய அப்பா விடமாட்டாராம். "பெத்ததைப் புடிச்சிட்டா குஞ்சை நண்டுலேர்ந்து கொக்கு வரைக்கும் திங்கும். அடுத்த வருசம் வாய்க்கால்ல எது இருக்கும்?"

இதை இங்குள்ள தூண்டில்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தோமன் குஞ்சுக் கொத்தைத் தேடிப் போய், அதன் மேல் ரப்பர் தவளையை இழுக்கிறார்கள். தாய் மீன் பசியில் கடிப்பதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. நிச்சயமாக விழும் அடி அது. படம் பிடித்துக்கொண்டு உடனே விட்டுவிடுகிறோம் என்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் குஞ்சுக் கூட்டம் என்ன ஆகிறது என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. நீர்த்தேக்கத் தோமன் வந்தேறி, போனால் போகிறது என்று நீங்கள் வாதாடலாம். அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. விராலுக்கும் அதையே செய்கிறீர்களே, அதற்கு?

ஜூலை 6

தேசியச் சுற்றுப்புற வாரியத்திலிருந்து கொசு சோதனைக்கு வந்தார்கள். பூந்தொட்டித் தட்டு, குளியலறை, எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் மீன் தொட்டிக்கு வந்தார். டார்ச் வெளிச்சம் பட்டதும் விரால் கண்ணாடியில் மோதிக் காட்டிய வேகத்தில் அவர் இரண்டடி பின்னால் போய், "இதில் கொசு இருக்காது சார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 25

செங்காங் தம்பி திரும்ப வந்திருக்கிறான். தோமன் வாங்கவில்லையாம். சந்தோஷம். ஆனால் 4 அடித் தொட்டி இன்னும் காலி, வேட்டையாடும் உள்ளூர் இனம்தான் வேண்டும் என்கிறான்.

பிப்ரவரியில் நான் சொன்னது தோமனுக்குத்தான். விரால் குடும்பத்துக்கே கதவைச் சாத்தியதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள், இத்தனை மாதம் பேசியதில் எனக்கும் எண்ணம் கொஞ்சம் இளகியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் குள்ள இனங்கள் உண்டு. சன்னா லிம்பாட்டா ஏறக்குறைய 20 சென்டிமீட்டரில் நின்றுவிடும். நம் காட்டு ஓடைகளிலும் உள்ள மீன், ஆனால் கடைக்கு வருவது வெளிநாட்டிலிருந்து, அதைத்தான் வாங்க வேண்டும். துடுப்பு ஓரத்தில் ஒரு செம்மஞ்சள் கோடு, உடம்பில் நீலச் சாயல். ஆண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் தின்னாது. தோமனிடம் நீ தேடிய அந்த முறைப்பு, பதுங்கல், பாய்ச்சல் எல்லாம் சின்ன உருவத்தில் அப்படியே இருக்கும்.

4 அடியில் ஒரு ஜோடி. கட்டைகள், நிறைய நிழல், மிதக்கும் செடி, மேலே கட்டப்பாங் (நாட்டு வாதுமை) இலை நாலைந்து. மூடி மட்டும் விராலுக்குச் சொன்ன அதே மூடி. இது இன்னும் சின்ன இடுக்கில் நுழையும்.

ஆகஸ்ட் 26

"அடுத்த வருஷம் எனக்கு என்எஸ் (தேசிய சேவை), அம்மா பார்த்துக்கொள்வார்" என்று தம்பி கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறான். அம்மாவிடம் கேட்டாயா?

தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் முதல் இரண்டு வாரம் போல வீட்டுக்கே விடமாட்டார்கள். வளர்ந்த ஆரோக்கியமான மீன் அதுவரை தின்னாமல் இருக்கும், அதில் பயமில்லை. சொல்லப்போனால் யாரும் தீனி போடாமல் இருப்பதே நல்லது. பாவம் பசிக்குமே என்று அம்மா கைநிறைய போட்டு, அது மிஞ்சி அழுகுவதுதான் ஆபத்து. இன்னொன்று மின்சாரம். சுவிட்ச் ட்ரிப் ஆகி கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றால், மூடிய டப்பாவுக்குள் இருக்கும், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா மூச்சில்லாமல் சாகும். மீனுக்குக் காற்று இருக்கிறது, அது தப்பிக்கும். பிறகு மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் வரும். அம்மாவுக்கு நீ சொல்லித்தர வேண்டியது இது ஒன்றுதான்: ஃபில்டர் நின்றிருந்தால் உடனே போடாதே, முதலில் கழற்றிக் கழுவு.

இந்த மீன்கள் பல வருஷம் வாழும். என்எஸ், அப்புறம் படிப்பு, அப்புறம் பிடிஓ வீடு (முன்பதிவு செய்து வாங்கும் புது வீவக வீடு), எல்லாவற்றுக்கும் கூடவே வரும். 200 லிட்டர் தொட்டியை வீடு மாற்றுவது நடக்கிற காரியம். என்னுடையதை மாற்றுவதற்கு நான் எந்த வீட்டையும் மாற்றப்போவதில்லை.

நவம்பர் 10

தம்பி அம்மாவிடம் கேட்டுவிட்டானாம், சரி என்றாராம், இரண்டு மீன் மட்டும் என்ற கறாரோடு. மாமாவின் தொட்டி ரொம்ப நாள் காய்ந்து கிடந்தது, அப்படியே நிரப்பலாமா என்று கேட்கிறான்.

நிரப்பாதே. காய்ந்த தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் பசை இறுகியிருக்கலாம். உள்மூலைகளில் நகத்தால் அழுத்திப் பார், ரப்பர் மாதிரி அமுங்க வேண்டும். ஓரம் உரிந்து வந்தால் பழையதைச் சுரண்டிப் புதிதாகப் போட வேண்டும், மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கோனாகப் பார்த்து வாங்கு. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை வகை வேண்டாம். குளியலறைத் தரையில் தெர்மாகோல் பலகை விரித்து, தொட்டியை அதன் மேல் வைத்துப் பாதி நிரப்பு, ஒரு ராத்திரி விடு. அடியில் பழைய செய்தித்தாள் போட்டால் ஒரு சொட்டு கசிந்தாலும் தெரியும். மறுநாள் முழுக்க நிரப்பி இன்னும் ஒரு நாள். அது முடிந்த பிறகு கூடத்துக்குக் கொண்டு வா, அதற்குள் கிளிப்பும் வாங்கி வைத்துக்கொள்.